வெட்டுக்கும் வரணும், எடைக்கும் நிக்கணும்

இன்னைக்கு கழனிக் கதை இல்ல, ஓட்டுக் கதை.

எங்க கனகம்மாசத்திரம் பக்கம் கரும்பு போடறவங்க வெட்டும்போதும் கூட இருப்போம், வண்டி எடை மேடை ஏறும்போதும் கூட நிப்போம். எடைச் சீட்டு சட்டைப் பைக்குள்ள போன பிறகுதான் டீ. ஓட்டும் அப்படித்தான்.

என் பையனுக்கு அம்பத்தூர்ல கம்பெனி வேலை. ஓட்டு மட்டும் இங்க ஊர்ல. போன 2 தேர்தலுக்கும் வரல. "என் ஒரு ஓட்டுல என்னப்பா ஆகப் போகுது?"ன்னு கேட்கிறான். ஓட்டுப் போடற அன்னைக்கு சம்பளத்தோட லீவு தரணும்னு சட்டமே இருக்கு. பஸ்ஸுக்கும் குறைவில்ல.

அவனுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான். 2021ல தி.நகர் தொகுதியில ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. சென்னை மாவட்டத்துல அந்தத் தேர்தல்ல ஓட்டுப் போட்டது 59 சதவீதம் பேர்தான். பத்துக்கு நாலு பேர் வீட்டுலயே இருந்துட்டாங்க. 137 பேருங்கறது ஒரு பெரிய அடுக்குமாடியில அடங்கிப் போகும். ராஜஸ்தான்ல 2008ல நாத்துவாரா தொகுதியில சி.பி.ஜோஷி ஒரே ஒரு ஓட்டுல தோத்தார். வராதவங்க யாருக்கும் ஓட்டு போடலைன்னு நினைச்சுக்கறாங்க. உண்மையில வந்தவங்க ஓட்டுக்கு கனம் கூட்டி விடறாங்க.

சரி, எல்லாரும் வந்துட்டா போதுமா? எடை மேடை இருக்கே. 2016ல ராதாபுரத்துல இன்பதுரை 49 ஓட்டுல அப்பாவுவை ஜெயிச்சார். அங்க 203 தபால் ஓட்டு செல்லாதுன்னு தள்ளினாங்க. அதுல சான்று போட்ட நடுநிலைப் பள்ளி தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் இல்லைங்கறது காரணம். வழக்கு நடந்து, 2019ல உயர்நீதிமன்றம் தபால் ஓட்டையும் கடைசி 3 சுற்றையும் திரும்ப எண்ணச் சொன்னது. எண்ணவும் எண்ணினாங்க. ஆனா முடிவை அறிவிக்க உச்சநீதிமன்றம் தடை போட்டுது. அதுக்குள்ள 5 வருஷம் முடிஞ்சு அடுத்த தேர்தலே வந்துடுச்சு. அறுவடை முடிஞ்சு கழனியை உழுத பிறகு எடையைப் பத்தி தீர்ப்பு வந்து என்ன பண்ண?

அதனால வாக்குச்சாவடியில உட்கார்ற ஏஜெண்டுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும், 17சி படிவத்தை கையில வாங்காம எழுந்திரிக்கக் கூடாது. அந்தச் சாவடியில மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்ததுங்கற கணக்கு அதுலதான் இருக்கு. எண்ணற அன்னைக்கு அதை வச்சுத்தான் சரி பார்க்க முடியும். அதுதான் நம்ம எடைச் சீட்டு.

பட்டணத்துல இருக்கற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஊருக்கு வர முடிஞ்சா வாங்க. முடியலைன்னா 8ஆம் நம்பர் படிவம் கொடுத்து இருக்கற இடத்துக்கே பேரை மாத்திக்குங்க. என் பையன்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். பட்டியல்ல எங்க வீட்டு நம்பர்ல ஒரு பேர் குறையும். மனசுக்குக் கஷ்டம்தான். ஆனா எங்கயும் விழாத ஓட்டு ஊர்ல பேரா இருந்து என்ன பிரயோஜனம்?