கொசு வளர்த்த கதை

நம் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் கூடினால் கொசுவைப் பற்றிப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. சாக்கடை தூர்வாரவில்லை, புகை அடிக்க ஆள் வருவதில்லை, எத்தனை மனுக் கொடுத்தாலும் பயனில்லை என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வோம். சற்று உரத்த குரலில் சொன்னவர்களில் நானும் ஒருவன். 2024 ஜூலைக்குப் பிறகு அந்தக் குரல் எனக்கு எழும்புவதில்லை. காரணத்தை வாசகர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டு மார்ச்சில் பெங்களூரு தண்ணீருக்குப் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. டேங்கர்க்காரர் சொன்னதுதான் விலை. நான் தர்மபுரிப் பக்கத்து வறண்ட ஊரிலிருந்து வந்தவன். தண்ணீரைச் சேர்த்து வைப்பது எங்களுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். இருநூறு லிட்டர் நீல டிரம் இரண்டு வாங்கி மொட்டை மாடியில் நிரப்பி வைத்தேன். பிறகு மழை வந்தது, குழாயிலும் தண்ணீர் வந்தது, டிரம்மை மறந்தே போனேன். பக்கத்தில் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல். அதில் அரைப்பாரும் இல்லை, தூக்கி எறிய மனமும் இல்லை. அதன் குழியிலும் மழைத்தண்ணீர்.

ஜூலையில் கீழ்வீட்டுக் குடித்தனக்காரர் மகளுக்குக் காய்ச்சல். ஒன்பது வயது, என்னைத் தாத்தா என்று கூப்பிடும் பிள்ளை. மூன்று நாள் அனலாய்க் கொதித்தது. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. "காய்ச்சல் விட்டுடுச்சு ஐயா" என்று அதன் தாய் மாடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். என் மனைவி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினாள். மாலையில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. அடுத்தடுத்து வாந்தி, கைகால் சில்லிட்டுவிட்டன. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம்.

டெங்குதான். அங்கே மருத்துவர் சொன்ன விஷயத்தை நம் குடும்பங்கள் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காய்ச்சலில் ஆபத்து, காய்ச்சல் அடிக்கும்போது அல்ல, அது இறங்கும்போதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அந்தக் கட்டம் வரும். இரத்தக் குழாய்களின் சுவர் வழியே இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிந்துவிடும்; இரத்த அழுத்தம் சரியும். நாமோ பிளேட்லெட் எத்தனை ஆயிரம் என்று எண்ணிக்கொண்டு, பப்பாளி இலை தேடி அலைவோம். காய்ச்சல் விட்ட பிறகு கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்ந்து கிடத்தல் இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உடம்புவலிக்கு நாமாகவே கடையில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கிக் கொடுப்பது இரத்தக் கசிவை மோசமாக்கும். பாரசிட்டமால் மட்டும்தான், அதுவும் அளவோடு. ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பதும் தவறு. டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. வேறொரு வகை இரண்டாம் முறை தாக்கும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

பிள்ளை ஐந்து நாள் படுக்கையில் கிடந்தது. அப்போதுதான் ஒரு ஆஷா பணியாளர் எங்கள் வாசலில் வந்து நின்றார். கன்னடத்தில் ஏதாவது கேட்டு யாராவது வந்தால் சன்னலிலிருந்தே "ஏனூ இல்லம்மா" என்று அனுப்பிவிடுவது என் வழக்கம். நம்மவர்களில் பலரும் அப்படித்தான். அன்று மறுக்கத் தோன்றவில்லை. மாடிக்கு அழைத்துப் போனேன். அந்தப் பெண் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். தெளிந்த தண்ணீரில் நூற்றுக்கணக்கில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஆட்டுக்கல்லிலும் அதே. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. டிரம்மைச் சாய்க்கக் கை கொடுங்கள் என்றார், அவ்வளவுதான்.

என் டிரம்மில் பிறந்த கொசுதான் அந்தப் பிள்ளையைக் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. வீட்டுத் தண்ணீரில் பிறந்து, பகலில் கடித்து, பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்வது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாடம் நம் பெங்களூரிலேயே எப்போதோ படிக்கப்பட்டதுதான். 1883இல் இங்கே இராணுவ மருத்துவராக வந்த ரொனால்டு ராஸ், தம் பங்களாவில் மட்டும் கொசு அதிகமாக இருக்கிறதே என்று பார்த்தார். சன்னலுக்கு வெளியே இருந்த தொட்டியில் புழுக்கள். தொட்டியைக் கவிழ்த்ததும் கொசு ஒழிந்தது. அதிகாரிகளின் உணவு விடுதியிலும் அப்படியே செய்யலாம் என்றபோது, கொசுவும் ஏதோ காரணத்துக்காகத்தான் படைக்கப்பட்டிருக்கிறது, பொறுத்துக்கொள்வதே கடமை என்று ஒரு அதிகாரி மறுத்துவிட்டாராம். மலேரியாவைக் கொசு பரப்பும் வழியைக் கண்டதற்காக ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அதிகாரியைக் கண்டு சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நாலு மாதம் டிரம்மைத் திறந்து போட்டவன் நான்.

புகை அடித்தால் பறக்கும் கொசு சில சாகும். டிரம்முக்குள் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீரைக் கொட்டினாலும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பல மாதம் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். தேங்காய்நார் கொண்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தேய்த்தால் சரி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பத்து நாள் ஊருக்குப் போகிறோமே, அப்போது பக்கெட்டில், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டில், மணி பிளாண்ட் பாட்டிலில் விட்டுப்போகும் தண்ணீர் ஒரு தலைமுறைக் கொசுவுக்குப் போதும். ஊருக்குப் பூட்டும் முன் அதையும் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளரவிடும் நகரத்து வீட்டுக்கு 400 ரூபாய் அபராதம் என்றது. எனக்கு அபராதம் யாரும் போடவில்லை. போட்டிருந்தால் வாய்ச்சண்டைக்குப் போயிருப்பேனோ என்னவோ! தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெருவில் சேர்த்து வைக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. நானும் டிரம்மை விடவில்லை. வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டியிருக்கிறேன்; ஞாயிறுதோறும் தேய்க்கிறேன். கீழ்வீட்டுப் பிள்ளை டார்ச்சோடு வந்து உள்ளே பார்த்துவிட்டுப் போகிறது.

ஆட்டுக்கல் குழியில் மண் நிரப்பிக் கற்றாழை வைத்துவிட்டேன். அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள்.