அதிவேகப் பாதையில் பசித்தால் எங்கே இறங்குவது?

பழைய காலி வீதியில் பயணம் செய்த காலத்தில், எங்கே சாப்பிடுவது என்று வீட்டிலிருந்து புறப்படும்போதே யாரும் யோசித்ததில்லை. பாணந்துறை தாண்டினால் களுத்துறை, அதற்கப்பால் மக்கொனை, பேருவளை, அளுத்கம. பசித்த இடத்தில் வாகனத்தை ஓரங்கட்டினால் சோறும் இருக்கும், ரொட்டியும் இருக்கும், எட்டிய தூரத்தில் பள்ளிவாசலும் இருக்கும். பெற்றோல் ஷெட்டுக்கும் பஞ்சமில்லை. பயணிகளின் பசியை நம்பி அந்த வீதியோரத்தில் பல நூறு குடும்பங்கள் பிழைத்தன. அவற்றில் எம்மவர்களின் ஹோட்டல்களும், பழக்கடைகளும், வட்டிலப்பம் விற்ற வீடுகளும் அடங்கும்.

2011 நவம்பர் 27ஆம் திகதி தெற்கு அதிவேக நெடுஞ்சாலை கொட்டாவையிலிருந்து காலி பின்னதுவ வரை திறக்கப்பட்டது. 2014இல் அது மாத்தறை கொடகமவுக்கும், 2020 பெப்ரவரியில் ஹம்பாந்தோட்டை மாவட்டத்துக்கும் நீண்டது. இன்று மொத்தம் 222 கிலோமீற்றர். காலிக்கு மூன்று மணித்தியாலம் எடுத்த பயணம் ஒரு மணித்தியாலத்துக்குச் சுருங்கிற்று. அதனால் நாட்டுக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துப் பேசுவது எமது நோக்கமல்ல. ஆனால் அந்தப் பாதையில் வேலி இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடும் வாகனத்தில் இருப்பவரின் பசி, வேலிக்கு இந்தப் பக்கம் அடுப்பு மூட்டி வைத்திருப்பவருக்குப் பிரயோசனமில்லை.

முதலில் எரிபொருளைப் பார்ப்போம், ஏனென்றால் அதன் கணக்குச் சுலபம். சாதாரண கார் ஒன்று அதிவேகப் பாதையில் லீற்றருக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் வரை ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், முழுத் தூரத்துக்கும் 15 முதல் 19 லீற்றர் போதும். கொட்டாவையில் ஏறுமுன் தாங்கியை நிரப்பிக்கொண்டவருக்கு வழியில் பெற்றோல் தேடும் வேலையே இல்லை. சிக்கல் எதிர்த்திசையில் வருபவர்களுக்குத்தான். அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கமிருந்து மொனராகலை, வெல்லவாய வழியாக மத்தளைக்கு வந்து ஏறும் வேன்கள் ஏறுமுன்னரே 150 கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடியிருக்கும். அவர்கள் வெல்லவாயவிலோ தனமல்விலவிலோ நிரப்பிக்கொள்ளாமல், "பாதையில் பார்த்துக்கொள்வோம்" என்று ஏறுவது அவ்வளவு புத்திசாலித்தனமான காரியமல்ல. நகருக்குள் எண்ணெய் தீர்ந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். இங்கே பாதையோரம் நிற்பதே ஆபத்து.

எரிபொருள் விடயத்தில் நாம் ஓரளவு அதிர்ஷ்டசாலிகள். பிரித்தானியாவில் மோட்டார் பாதையோர நிலையங்களில் பெற்றோல் லீற்றருக்குச் சுமார் 20 பென்ஸ் அதிகமாக விற்கப்படுவதை அந்நாட்டின் போட்டிச் சந்தை அதிகாரசபை 2023இல் சுட்டிக்காட்டியது. இங்கே பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விலை அறிவித்தால் மற்றைய கம்பனிகளும் பெரும்பாலும் அதை ஒட்டியே விற்கின்றன. தண்ணீர்ப் போத்தலுக்கும் 2025 ஏப்ரலிலிருந்து உச்ச விலை உண்டு. அரை லீற்றர் 70 ரூபா. ஆனால் சோற்றுப் பார்சலுக்கும், ரோல்ஸுக்கும், பிளேன்டீக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. வேலிக்குள் அகப்பட்ட பயணியிடம் இலாபம் பார்க்கப்படுவது இந்தப் பொருட்களில்தான்.

தெற்கு நெடுஞ்சாலையில் இளைப்பாறும் இடம் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் வெலிப்பன்ன. பாதையின் இருபுறமும் அமைந்த அந்த நிலையத்தில் சாப்பாடு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, வாகனம் நிறுத்த விசாலமான இடமும் இருக்கிறது. அதை ஒரேயடியாகக் குறைசொல்ல முடியாது. ஆயினும் விடுமுறை நாளில், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் அங்கே போய்ப் பாருங்கள். வரிசையில் நின்று, விலைப்பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளின் தலையை எண்ணிக் கணக்குப் போடும் தகப்பன்மாரைக் காண்பீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் கடை எடுக்கப் பெரும் வாடகை கட்ட வேண்டும். வாடகை கூடினால் அதைச் சாப்பாட்டில்தான் எடுக்க முடியும். எனவே பெரிய கம்பனிகளே நிலைத்து நிற்கின்றன, சிறு ஹோட்டல்காரருக்கு அங்கே நுழையவே வழியில்லை.

எம்மவர்களில் சிலர், "எங்களுக்கும் உள்ளே ஒரு கடை தாருங்கள்" என்று கேட்பதே இதற்குப் பரிகாரம் என நினைக்கின்றனர். மலேசியாவைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. அங்கே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் இளைப்பாறும் நிலையங்களில் வரிசையாகச் சிறு கடைகள், தொழுகை அறை, பெற்றோல் நிலையம் எல்லாம் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. நாசி லெமாக் விற்கும் பெண்ணும், பழம் வெட்டி விற்பவரும் பெரிய கம்பனிக்குப் பக்கத்திலேயே கடை வைத்திருக்கிறார்கள். இங்கும் அப்படி நாலு கடையைச் சிறு வியாபாரிகளுக்கு ஒதுக்கலாம், ஒதுக்கவும் வேண்டும். ஆனால் நாலு கடையால் நாலு குடும்பம்தான் பிழைக்கும். பேருவளை முதல் வெலிகம வரை வியாபாரம் குறைந்துபோன ஊர்களுக்கு அது விடையாகாது.

விடை வேலிக்கு உள்ளே இல்லை, வாயிலுக்கு வெளியே இருக்கிறது என்பதே எமது கருத்து. அமெரிக்காவை உதாரணம் காட்டினால் சிலருக்குக் கசக்கலாம், எனினும் இந்த விடயத்தில் அவர்களது ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அங்கே மாநிலங்களுக்கிடையிலான பெரும்பாதைகள் 1956இல் திட்டமிடப்பட்டபோது, பாதையின் காணிக்குள் பெற்றோல் நிலையம் முதலிய வியாபாரம் நடத்துவதைச் சட்டம் தடுத்தது. பழைய கட்டணப் பாதைகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே பசித்தவரும் பெற்றோல் வேண்டியவரும் வெளியேறும் வாயிலில் இறங்கித்தான் ஆகவேண்டும். வாயிலுக்கு முன்னால் நீலப் பலகை ஒன்றில் அடுத்த இறக்கத்தில் என்னென்ன சாப்பாட்டுக் கடை, எந்தப் பெற்றோல் நிலையம், தங்குமிடம் உண்டா என்று காட்டப்பட்டிருக்கும். பாதை தங்களை ஒதுக்கிவிட்டதே என்று அழுத ஊர்கள் பல, வாயிலடிக்கு நகர்ந்து வியாபாரத்தைத் தக்கவைத்துக்கொண்டன.

அங்கே இறங்கி ஏறுவதற்குப் பெரும்பாலான இடங்களில் காசில்லை. எமது பாதையிலோ ஏறும்போது டிக்கெட், இறங்கும்போது பணம். சாப்பிடுவதற்காக இறங்கியவர் திரும்பவும் டிக்கெட் எடுத்துப் பயணத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும், இருமுறை வாயிலில் காத்து நிற்கவும் வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்துதான் பசியை அடக்கிக்கொண்டு வீடுவரை ஓட்டுகிறார்கள். தூக்கக் கலக்கத்தோடு நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விபத்துச் செய்திகள் வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதே பிரச்சினையை ஜப்பான் எப்படித் தீர்த்தது என்பது எமது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. எமது தெற்கு நெடுஞ்சாலைக்குக் கடன் தந்த நாடுகளில் ஜப்பானும் ஒன்று. அங்கே 1993 முதல் சாதாரண வீதிகளில் 'மிச்சி நோ எக்கி' எனப்படும் வீதியோர நிலையங்கள் இயங்குகின்றன. அந்தந்த ஊர் விவசாயியின் மரக்கறியும் அந்தந்த ஊர்ச் சாப்பாடும் அங்கே விற்கப்படும். நெடுஞ்சாலையில் இளைப்பாறும் இடங்களுக்கிடையே தூரம் கூடுதலாக உள்ள பகுதிகளில், சாரதி தற்காலிகமாக இறங்கி இந்த நிலையத்தில் சாப்பிட்டு, எண்ணெய் அடித்து, குறித்த நேரத்துக்குள் திரும்பி ஏறினால், இறங்காமல் போனதாகவே கணித்துக் கட்டணம் அறவிடும் முறையை 2017இல் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தார்கள். பிறகு பல இடங்களுக்கு விரித்தார்கள். அங்கே இதைச் செய்வது வாகனத்தில் பொருத்திய இலத்திரனியல் கருவி. இங்கே டிக்கெட்டில் நேரத்தைக் குறித்து ஒரு முத்திரை வைத்தாலும் காரியம் நடக்கும். ஒன்றரை மணித்தியால அவகாசம் கொடுத்தால் அரசாங்கத்துக்குப் பெரிய நட்டமும் வராது, ஏனெனில் அந்த வாகனம் எப்படியும் முழுத் தூரத்துக்கும் பணம் கட்டத்தான் போகிறது.

இதை ஒரே நாளில் எல்லா வாயில்களிலும் செய்யத் தேவையில்லை. வெலிப்பன்னவில் தொடங்கலாம். அங்கிருந்து அளுத்கம நோக்கிப் போகும் வீதியில்தான் தர்கா நகர் இருக்கிறது. கால் மணி, இருபது நிமிட ஓட்டம். கொக்மதுவவில் இறங்கினால் வெலிகம அதிக தூரமில்லை. மத்தளை முனையில் ஹம்பாந்தோட்டை நகரம். கிழக்கிலிருந்து விடியற்காலையில் வருபவர்களுக்குக் காலைச் சாப்பாடு கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

ஆனால் அரசாங்கம் வாயிலைத் திறந்துவிட்டால் மட்டும் வாகனங்கள் வந்து குவியும் என்று எம்மவர்கள் எண்ணினால் அது வீண். வெளிப்படையாகச் சொல்வதானால், ஒரு வேனை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் சாரதியல்ல. பின்னால் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும்தான். அவர்கள் பார்ப்பது பிரியாணியின் ருசியையல்ல, கழிப்பறையை. தண்ணீர் வராத குழாய், தாழ்ப்பாள் இல்லாத கதவு, வழுக்கும் தரை, இவற்றோடு ஒரு ஹோட்டலை நடத்திக்கொண்டு, "நெடுஞ்சாலை வந்து எங்களைக் கெடுத்துவிட்டது" என்று குறைப்படுவதில் அர்த்தமில்லை. தூரப் பயண பஸ்கள் நிறுத்தும் சில கடைகளைப் பாருங்கள். சாரதிக்கும் நடத்துநருக்கும் இலவசச் சாப்பாடு கொடுத்தால் நாற்பது பயணிகள் தானாக வந்து விழுவார்கள் என்ற தைரியத்தில், ஆறிப்போன சோற்றை இரட்டை விலைக்கு விற்கிறார்கள். சொந்த வாகனத்தில் வருபவரிடம் அந்த வித்தை பலிக்காது. அவர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வரமாட்டார், தன் உறவினருக்கும் சொல்லிவிடுவார்.

வாயிலடியில் கடை போடுபவர் முதலில் பார்க்க வேண்டியது வேன் திரும்பக்கூடிய இடம். நகரத்துக் கடைக்கு வாடகை கொடுப்பதைவிட, வாயிலுக்குக் கிட்ட இருபது பேர்ச்சஸ் காணியைக் குத்தகைக்கு எடுப்பது இலாபமாக இருக்கலாம். அடுத்தது விலைப்பட்டியல், வெளியிலேயே, மூன்று மொழியிலும். ஹலால் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுவது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. தென் மாகாணத்தில் அந்த வாயிலால் இறங்குபவர்களில் பெரும்பாலானோர் சிங்களச் சகோதரர்கள். போயா தினத்தில் மரக்கறிச் சோறு கேட்பவருக்கும் முகம் சுளிக்காமல் தனிச் சட்டியில் சமைத்துக் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்துபோய்த் தொழுதுவிட்டு வர ஒரு சுத்தமான அறையும், வுழூச் செய்யக் குழாயும் இருந்தால் எமது குடும்பங்கள் வேறெங்கும் நிறுத்தமாட்டா.

பெற்றோல் ஷெட் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் தடைப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியபின் மின்சாரக் கார்கள் வரத்தொடங்கியுள்ளன. பெற்றோல் அடிப்பவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். மின்னேற்றம் செய்பவரோ அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் நிற்பார். நிற்பவர் தேநீர் குடிப்பார், பிள்ளைக்கு எதையாவது வாங்குவார். வேகமாக மின்னேற்றும் இயந்திரம் ஒன்றைப் பக்கத்து ஹோட்டல்காரரோடு பங்குபோட்டு நிறுவுவது பற்றி இப்போதே பேசிவைப்பது நட்டமாகாது.

இதையெல்லாம் அவசரமாகச் சொல்வதற்குக் காரணம் மத்திய நெடுஞ்சாலை. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான சுமார் 40 கிலோமீற்றர் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. கடவத்தையிலிருந்து மீரிகம வரையான பகுதி பொருளாதார நெருக்கடியால் நின்றுபோய், 2025இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டிருக்கிறது. பொத்துஹெரவிலிருந்து கலகெதர நோக்கிக் கண்டிப் பக்கம் போகும் கிளையும் திட்டத்தில் உண்டு. அது முடிந்தால் கண்டி வீதியில் திஹாரி, வறக்காப்பொல, கேகாலை, மாவனெல்லை ஊர்களுக்கு நேரப்போவது, பேருவளைக்கு 2011இல் நேர்ந்ததுதான். வறக்காப்பொலையின் எள்ளுருண்டைக்காரருக்கும், மாவனெல்லையில் இரவு பன்னிரண்டு மணிக்கும் கொத்து அடித்துக்கொண்டிருக்கும் ஹோட்டல்காரருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

காலி வீதிக்காரர்களுக்கு முன்னறிவித்தல் கிடைத்தும் ஒன்றுகூடிப் பேசவில்லை. கண்டி வீதி ஊர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. வர்த்தக சங்கங்கள் வாயில்கள் எங்கே வருகின்றன என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் எழுத்தில் கேட்டுப் பெறலாம். இளைப்பாறும் நிலையம் கட்டப்படுமானால் அதில் சிறு வியாபாரிகளுக்கு எத்தனை கடை, வாடகைக்கு உச்ச வரம்பு உண்டா, சாப்பிட இறங்கி ஏறுபவருக்கு ஒரே டிக்கெட் செல்லுமா ஆகிய மூன்று கேள்விகளையும், கேள்விப்பத்திரம் கோரப்படுமுன்னரே, தமது பாராளுமன்ற உறுப்பினர்களைக் கொண்டு கேட்பிக்க வேண்டும். கேள்விப்பத்திரம் மூடப்பட்டபின் கேட்டால் கிடைப்பது அனுதாபம் மட்டுமே.