சுழியம் சான்றாகுமா?

மொழித் தரவகத்தின் தேடுபக்கத்தில் ஒரு வினைவடிவத்தைத் தேடிய மாணவர் ‘முடிவுகள்: 0’ என்று காண்கிறார், அவ்வடிவம் வழக்கில் இல்லையென ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார். வழங்கி பழுதுற்று 500 என்னும் பிழைக்குறியை அனுப்பியிருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லை. ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச், 404, 500 ஆகியவற்றைத் தோல்வியாகக் கொள்வதில்லை; பிணைய இணைப்பு அறுவது போன்ற நிலைகளில் மட்டுமே பிழை எழுப்பும். பிழைச்செய்திக்குள் முடிவுப் பட்டியல் ஏது? இல்லாத பட்டியலை வெற்றுப் பட்டியலாக எண்ணிப் பக்கம் சுழியத்தை அச்சிடுகிறது. மறுமொழியின் ‘ஓகே’ பண்பைச் சோதிக்க ஒரு வரி போதும். அதை எழுதாத சோம்பலுக்கு ஆய்வுலகில் பொய்ச்சான்று என்றே பெயர்.

‘மீண்டும் தேடலாமே’ என்பார் உளர். இல்லையென்று அறுதியிட்ட பக்கத்தில் எவர் மீண்டும் தேடுவார்? பொதுப்பணத்தில் இந்திய மொழிகளுக்குத் தரவகம் அமைப்போர் ‘சொல் இல்லை’, ‘விடை வரவில்லை’ இரண்டையும் வெவ்வேறாகக் காட்டட்டும்.