ஆறு மணி நேரப் பயணமும் ஐந்து நிமிட உறக்கமும்

 

உம்ராவை நிறைவேற்றித் திரும்பிய முதியவர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் தந்து உபசரித்தவர், "ஹஜ்ரத், ஒரு பிழை செய்துவிட்டேன்" என்று கண் கலங்கினார். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் ஒப்படைத்துவிட்டாராம். மீக்காத் நெருங்குகிறது என அறிவித்தபோது பெட்டி விமானத்தின் அடித்தளத்தில் இருந்தது. துணி இல்லையே என்று நிய்யத்தையும் விட்டுவிட்டார். ஜித்தாவில் இறங்கிய பின்னரே இஹ்ராம் பூண்டார். பரிகாரமாக ஓர் ஆட்டை அறுத்துக் கொடுக்க நேர்ந்தது.

இது அலட்சியத்தால் நேர்ந்ததன்று; பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் எண்ணிப் பாராததால் நேர்ந்தது. சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,400 கிலோமீட்டர். நேர் விமானம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் சென்றடைகிறது. நம் முன்னோர் மும்பையில் கப்பலேறிப் பத்து நாட்களுக்கு மேல் கடலில் கழித்தனர். அந்த ஹஜ் கப்பல் போக்குவரத்து 1995-இல் நின்றது. கப்பலில் சென்றோர்க்கு, யலம்லமுக்கு நேரே வருமுன் குளித்து, உடுத்தி, ஆற அமர நிய்யத் செய்ய அவகாசம் இருந்தது. விமானமோ நிமிடத்திற்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர் பறக்கிறது. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 70 கிலோமீட்டர் கடந்துவிடும்!

கடிகாரக் கணக்கிலும் கவனம் தேவை. சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டால், பயணச்சீட்டில் சேரும் நேரம் பிற்பகல் 1.30 என்றிருக்கும். அது மூன்றரை மணிப் பயணமன்று. நம் கைக்கடிகாரம் அப்போது மாலை 4 காட்டும்.

நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு திசையினருக்கும் ஓர் எல்லையை வகுத்து, அவ்வழியே வரும் பிறருக்கும் அதுவே எல்லை என்றார்கள். நம் விமானங்கள் பெரும்பாலும் தாயிஃபை அடுத்த கர்னுல் மனாஸில் பக்கமாகவே செல்கின்றன. அங்கிருந்து ஜித்தா சில நிமிடத் தொலைவுதான். வானில் கடந்தாலும் எல்லை எல்லையே என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு.

ஆகவே, நேரே மக்கா செல்வோர் வீட்டிலேயே குளித்து, இஹ்ராம் துணியை உடுத்திப் புறப்படுங்கள். இல்லையேல் கைப்பையில் வைத்திருங்கள். வளைகுடா நகரங்களில் விமானம் மாறுவோர் அங்கேயே உடுத்திக்கொள்ளலாம். அறிவிப்பு வந்ததும் நிய்யத் செய்து தல்பியா கூறுங்கள். உறங்கிவிடுவோம் என அஞ்சுவோர் சற்று முன்னரே நிய்யத் செய்வது கூடும். துணி கைவசம் இல்லாவிடினும் நிய்யத்தைத் தள்ளிப் போடாதீர்கள். தைத்த ஆடைக்குத் தனிப் பரிகாரம் உண்டு. பெண்களுக்குத் தனி உடை இல்லை. மாதவிடாயிலும் அவர்கள் நிய்யத் செய்யவேண்டும். முதலில் மதீனா செல்வோர்க்கு விமானத்தில் இஹ்ராம் தேவையில்லை. அவர்களின் எல்லை, மதீனாவை அடுத்த துல்ஹுலைஃபா.

பல்லாண்டு சேமித்த பணத்தில் செல்லும் பயணம் இது. ஆறு மணி நேரத்தில் அரை மணி நேரமாவது விழித்திருப்போம். வல்ல அல்லாஹ் நம் அனைவருடைய ஹஜ்ஜையும் உம்ராவையும் ஏற்றருள்வானாக. ஆமீன்.