அழையாமல் வரும் வணிகம்

அழைத்தவர் வாயிலுக்கு மட்டுமே வணிகன் செல்லவேண்டும் என்றொரு விதி இருந்திருந்தால், திண்டுக்கல்லின் பெயர் இந்த மலைக்கோட்டையின் நிழலைத் தாண்டியிருக்காது. பூட்டானாலும் புகையிலையானாலும், பதனிட்ட தோலானாலும் சின்னாளபட்டிச் சுங்குடியானாலும், முன்பின் அறியாத கடையின் படியேறி, "எம்மிடம் இன்ன சரக்கு உண்டு" என்று சொன்னவர்களாலேயே ஊர் கடந்தது. ஆதலின், அழையாமல் வருவதே குற்றம் என்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. வருகின்ற முறைதான் கெட்டிருக்கிறது.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பூட்டு, கைவேலையால் பெயர் பெற்றது. சிறு பட்டறையில் முதலாளியும் தொழிலாளியும் பெரும்பாலும் ஒருவரே. லீவரை அரத்தால் ராவிச் சாவிக்குப் பொருத்திக்கொண்டிருப்பவரைத் தொலைபேசி அழைக்கிறது. "500 பூட்டு வேண்டும், இன்றே விலைப்புள்ளி அனுப்புங்கள்" என்கிறது குரல். அவரும் அரத்தைக் கீழே வைத்துவிட்டு, பித்தளை விலை, இரும்பு விலை, கூலி எல்லாம் கணக்கிட்டு அனுப்புகிறார். பிறகு மறுமொழி இல்லை. கேட்டவருக்கு வாங்கும் எண்ணமே இருந்ததில்லை. வழக்கமாகத் தமக்குச் சரக்குத் தருபவரிடம் காட்டி விலையைக் குறைக்க ஒரு தாள் தேவைப்பட்டது, அவ்வளவே. இதனை விசாரிப்பு என்பது தகாது. பிறர் உழைப்பைக் கூலியின்றிக் கொள்வது என்பதே பொருந்தும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் தொட்டுப் பேசிய விலை மூன்றாமவர் காதுக்கு எட்டாது. படித்தவர் நடத்தும் நிறுவனங்கள் அந்தத் தரகரிடம் பாடம் கேட்கலாம்.

வாங்குபவர்போல் பேச்சைத் தொடங்கி, ஐந்து நிமிடம் கழித்து விளம்பரம் விற்பவர் மற்றொரு வகை. அவரைப்பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாக்கியத்திலேயே பொய் சொல்பவரிடம் எவர்தாம் சரக்கு வாங்குவர்?

சட்டம் சிறிது உதவுகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, 1909 என்ற எண்ணில் பதிந்து வேண்டாத விற்பனை அழைப்புகளைத் தடுக்கலாம். ஆனால் அவ்விதிகள் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் பற்றியவை. மின்னஞ்சலை அவை தொடுவதில்லை. ஜெர்மனியிலோ, ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்தை விற்பனைக்காக அழைப்பதற்கும், அதற்கு இசைவு இருக்கும் என்று கருதத்தக்க காரணம் வேண்டும். எனினும், சட்டத்தால் அழைப்பைத்தான் தடுக்க இயலும். பொய் விசாரிப்பை எந்த எண்ணில் பதிந்து தடுப்பது?

நாம் கேட்பது பெரிதன்று. யார், எவ்வூர், வாங்கவா விற்கவா என்பதை முதலிலேயே சொல்லட்டும். வேண்டாம் என்றபின் மறுபடி வராதிருக்கட்டும். விலை கேட்டுப் பெற்றவர், "வேறிடத்தில் வாங்கிவிட்டோம்" என்று ஒரு வரி எழுதட்டும். வணிகக் கடிதம் கற்பிக்கும் வகுப்புகளில் விலை விசாரிப்புக் கடிதத்துக்கு மாதிரி தருகிறோம். வரும் ஆண்டிலேனும், அதன் அடுத்த பக்கத்தில் மறுப்புக் கடிதத்துக்கும் ஒரு மாதிரி தரலாம்.