வேன் போகாத சனிக்கிழமை

போன மாதம் எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம். பள்ளியின் பெயர் வேண்டாம். அருப்புக்கோட்டையில் எந்தப் பள்ளியில் நடந்திருந்தாலும் கதை இப்படித்தான் முடிந்திருக்கும். தமிழய்யா எழுந்து ஒரு யோசனை சொன்னார். ஒரு சனிக்கிழமை வேன் பிடித்துக் காலையில் திருச்சுழிக் கோயில், அடுத்து எட்டயபுரம் உமறுப்புலவர் தர்கா, அப்படியே கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டி மாதா கோயில். ஆளுக்கு இருநூறு ரூபாய்.

நாம் என்ன சொன்னோம்? “பரீட்சைக்கு வருமா சார்?” என்றார் ஒருவர். “தர்கா பக்கமெல்லாம் எங்க பிள்ளய கூட்டிட்டுப் போவேணாம்” என்றார் ஓர் அம்மா. கோயிலுக்குள் போவதென்றால் தன் மகன் வரமாட்டான் என்றார் பின்வரிசை அத்தா. மாதா கோயிலுக்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மூன்று மதத்தாரும் அன்றைக்கு ஒற்றுமையாக இருந்தது இந்த ஒன்றில்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. தமிழய்யா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். வேன் போகவில்லை.

பெற்றோரே, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது எங்கே போய் நின்றோம்? மஃரிப் தொழுகை முடிகிற நேரம் பள்ளிவாசல் வாசலில், குங்குமம் வைத்த நெற்றியோடு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு. தொழுதுவிட்டு வந்தவர் ஓதி ஊதினார். அப்போது யாரும் மதம் கேட்கவில்லை. பிள்ளை வளர்ந்து, அந்த மனிதர் எதை நம்புகிறார் என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டால் மட்டும் நமக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது.

பரீட்சைக்கு வருமா என்று கேட்டவருக்கு: வரும். சீறாப்புராணமும் தேம்பாவணியும் நம் பிள்ளைகளின் தமிழ்ப் பாடத்தில் வருகிறவைதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது எட்டயபுரத்தில், நம் தூத்துக்குடி ரோட்டில். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் எட்டயபுரம் அரண்மனைப் புலவரான கடிகைமுத்துப் புலவர். குரு இந்து, சீடர் முஸ்லிம். அந்தச் சீடர் நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் எழுதினார். நாட்டுப் படலத்தைப் பாருங்கள்: அரபு மண்ணில் மேகம் திரள்கிறது, மழை கொட்டுகிறது, ஆறு பெருகி வயலில் பாய்கிறது. கண்மாய் நிறையாதா என்று வானம் பார்த்தே வாழ்கிற கரிசல்காட்டு ஆள் வேறெப்படிப் பாடுவார்! இதைப் பிள்ளைகள் அந்த மண்ணில் நின்று கேட்டிருக்கலாம். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கட்டும் என்று நாம் விட்டுவிட்டோம்.

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். காமநாயக்கன்பட்டியில் இருந்து ஊழியம் செய்தவர். சூசையப்பருக்கு வளன் என்று தமிழில் பெயர் வைத்தவர்.

திருச்சுழிக்கு வருவோம். ரமண மகரிஷியை நம்ம ஊர்க்காரர் என்று பெருமை பேசுகிறோமே, அவர் எங்கே படித்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? 1879-இல் திருமேனிநாதர் கோயில் ஊரில் வேங்கடராமன் என்ற பெயரோடு பிறந்த அவர், 1892-இல் தகப்பனார் இறந்ததும் மதுரைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனார். பின்னர் படித்தது அமெரிக்கன் மிஷன் பள்ளியில். அங்கே பைபிள் வகுப்பு உண்டு. கூடக் காற்பந்து ஆடிய தோழர்களில் ஒருவர் அப்துல் வகாப். இருவரும் சேர்ந்து திருப்பரங்குன்றம் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். (இன்றைக்கு அந்தக் குன்றின் பெயரை எடுத்தாலே மதத்தின் பேரில் நமக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.) 1896-இல் வேங்கடராமன் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். பைபிள் கேட்டதால் அவர் கெட்டுப்போனாரா? மோசேயிடம் கடவுள் தன்னைப் பற்றிச் சொன்ன விவிலிய வாசகத்தைப் பிற்காலத்தில் அவரே அடிக்கடி எடுத்துக்காட்டினார். வகாப் முருகன் கோயிலுக்குப் போனதால் இஸ்லாத்தை விட்டுவிட்டாரா? இல்லை.

சட்டம் தடுக்கிறதே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார், விவரம் தெரிந்தவர்போல. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடுப்பது, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் மதபோதனை செய்வதை. மதங்களைப் பற்றிக் கற்பது அதில் சேராது என்று 2002-இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாத்தியார் தன் மதத்துக்கு ஆள் பிடிக்கக் கிளம்பினால் உங்களுக்கு முன்னால் நான் சண்டைக்கு வருவேன். நம் தமிழய்யா கேட்டது அதை அல்ல. பக்கத்து பெஞ்சுக்காரன் ஏன் நோன்பு இருக்கிறான், ஏன் மாலை போடுகிறான், ஏன் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வருகிறான் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றார். நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் வாட்ஸ்அப் சொல்லிக்கொடுக்கும். சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பேச்சை நானே எடுக்கப்போகிறேன். போன தடவை வாயடைத்து உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்களும் வாருங்கள், கை தூக்குங்கள். என் இருநூறு ரூபாயைத் தமிழய்யாவிடம் கொடுத்தாயிற்று. வேனில் இருபது சீட். பத்தொன்பது காலியாக இருக்கிறது.