34 டிகிரிதான், ஆனா மூச்சு முட்டுது! குவாங்சோ கோடையில் வெயிலைச் சுமப்பது யார்?

ஜூலை மாத மதியம். போனில் வெதர் ஆப்பைத் திறந்தால் 34 டிகிரி. 'அட, இவ்வளவுதானா'னு தோணும். ஆனா, ஏசி ரூமை விட்டு வெளியே வந்த பத்தாவது நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிக்கும். வியர்வை வழியும், காயவே காயாது.

இது தென் சீனாவின் குவாங்சோ. குவாங்டாங் மாகாணத்தின் தலைநகர். முத்து ஆற்றங்கரையில், 2020 கணக்கெடுப்புப்படி சுமார் 1.87 கோடி பேர் வாழும் ஊர். கேண்டன் ஃபேர் என்ற பெரிய வணிகச் சந்தை மூலம் நம்ம ஊர் வியாபாரிகளுக்கும் பழக்கமான பெயர்தான். அந்தச் சந்தை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கிறது. அதனால் சந்தைக்கு மட்டும் போய் வருபவர்களுக்கு இந்த ஊரின் உண்மையான கோடை தெரிய வாய்ப்பில்லை.

வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாது. வறண்ட ஊரின் 38 டிகிரியைச் சமாளிக்கிற உடம்பு, கடலோர ஊரின் 34 டிகிரியில் திணறுவது இதனால்தான். இந்த ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க. கடைசியில் இதுதான் முக்கியமான பிரச்னையாக வரப்போகிறது.

பாகற்காய்க்கு இன்னொரு பெயர்

இந்த வெயிலோடு வாழ குவாங்சோ மக்கள் பல தலைமுறைகளாகப் பழகியிருக்கிறார்கள். பாதி வைத்தியம் சமையலறையில்தான் நடக்கிறது.

நாம் பாகற்காய் என்று சொல்வதற்குச் சீனத்தில் வழக்கமான பெயரின் அர்த்தமும் 'கசப்புக்காய்'தான். ஆனால், இங்கே பேசப்படும் கேண்டனீஸ் மொழியில் அதை 'லொங் குவா' என்கிறார்கள். அதாவது, 'குளிர்ச்சிக் காய்'. மாட்டிறைச்சியோடு வதக்கியோ, முட்டையோடு சேர்த்தோ கோடை முழுக்கச் சாப்பிடுகிறார்கள். நீர்ப்பூசணி போட்ட சூப், கஞ்சி, பாசிப்பயறு வேகவைத்த இனிப்புக் கஞ்சி எல்லாமே கோடைப் பட்டியலில் உண்டு.

தெருவுக்குத் தெரு 'லொங் சா' கடைகள். 'குளிர்ச்சித் தேநீர்'னு பெயர்தானே தவிர, அதில் தேயிலை இருக்கணும்னு அவசியமில்லை, ஜில்லுனும் இருக்காது. மூலிகைகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த கறுப்புக் கஷாயம் அது. நம்ம நிலவேம்புக் குடிநீர் குடிச்சவங்களுக்கு அந்த முகச்சுளிப்பு புரியும். 2006-ல் சீன அரசு இதைத் தேசிய பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஜூனில் லிச்சிப் பழம் குவியும்போது, 'ரொம்பச் சாப்பிடாதே, சூடு'னு வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். நம்ம வீட்டில் மாம்பழத்துக்கு விழும் அதே திட்டுதான்.

மருத்துவக் கணக்கில் பார்த்தால், வெப்பத்தாக்கம் வந்தவரைக் கஷாயம் காப்பாற்றாது. அவருக்கு உடனடித் தேவை நிழலும் தண்ணீரும் மருத்துவ உதவியும்தான். ஆனாலும் சூப், கஞ்சி, நீர்க்காய் என்ற இந்தச் சாப்பாட்டுமுறை உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஓரளவு திருப்பித் தருகிறது.

நிழலில் நடக்கவைத்த ஊர்

மீதி வைத்தியம் தெருவில் இருந்தது. பழைய குவாங்சோவின் கடைத்தெருக்களில் 'சீலோ' எனப்படும் கட்டடங்களைப் பார்க்கலாம். மேல்மாடி நடைபாதையின் மேலே நீண்டு, தூண்களின்மீது நிற்கும். கடைக்குக் கடை இப்படியே தொடர்வதால், வெயிலும் மழையும் படாமல் தெருமுனை வரை நடக்கலாம். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகர மதில்கள் இடிக்கப்பட்டு அகலச் சாலைகள் வந்தபோது இவை பெருகின.

நேரத்தையும் வெயிலுக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். விடிந்ததும் தேநீரும் டிம் சம் பலகாரங்களுமாக 'யம் சா'. மதியம் முடிந்தவரை உள்ளேயே. பொழுது சாய்ந்தபின் மறுபடியும் தெரு. நள்ளிரவிலும் நத்தை வறுவல், மாட்டுக்குடல், சுட்ட சிப்பி என்று பசியாறல். மொத்தத்தில் உச்சி வெயிலில் வெளியே போகாதே என்பதுதான் இந்த ஊரின் பழைய பாடம்.

இன்றைக்கு அந்தப் பாடத்தைக் கடைப்பிடிக்க ரொம்ப எளிதான வழி இருக்கிறது. போனை எடுத்து ஆர்டர் போட்டால் போதும். ஆனால், நாம் வெளியே போகாததால் அந்த வேலை இல்லாமல் போய்விடவில்லை. அது வேறொருவர் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை வெயிலில் 15 கோடி ஆர்டர்

2025 கோடையில் சீனாவில் உணவு டெலிவரி ஆப்களுக்குள் பெரிய விலைப்போர் மூண்டது. மெய்துவான், அலிபாபா, ஜேடி மூன்றும் கூப்பன்களை வாரி இறைத்தன. பால் டீ கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைத்தது. ஜூலை 12 அன்று ஒரே நாளில் 15 கோடி ஆர்டர்களைத் தாண்டியதாக மெய்துவான் அறிவித்தது. உணவோடு, உடனடி டெலிவரிப் பொருள்களும் சேர்ந்த கணக்கு இது. அடுத்த வாரமே சந்தை ஒழுங்குமுறை அமைப்பு மூன்று தரப்பையும் அழைத்து, போட்டியை அளவோடு நடத்தச் சொன்னது.

தேதியைக் கவனிச்சீங்களா? ஜூலை நடுப்பகுதி. குவாங்சோ மாதிரியான ஊர்களுக்கு உச்சக்கட்ட புழுக்கம். வீட்டிலிருப்பவருக்கு ஜில்லுனு ஒரு பால் டீ. கொண்டுவருபவருக்குத் தலைக்கவசத்துக்குள் வெயில், கீழே தார்ச்சாலையின் அனல், கையில் ஓடும் கடிகாரம்.

அதே கோடையில் 'தி லிச்சி ரோட்' என்ற தொடரும் திரைப்படமும் சீனாவில் வெளிவந்தன. தாங் வம்ச காலத்தில், இந்தத் தென்பகுதியின் லிச்சிப் பழத்தைக் கெடாமல் தொலைதூரத் தலைநகருக்குக் கொண்டுசேர்க்கப் பணிக்கப்பட்ட ஒரு சின்ன அதிகாரியின் கதை அது. மேலே இருப்பவர் ஆசைப்பட்டால் கீழே இருப்பவர் ஓடணும். இன்றைய ரைடர்களுக்கும் அது பொருந்தும்.

சட்டம் இருக்கு, ஆனா...

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு சீனாவில் சட்டப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2012-ம் ஆண்டு விதிகள் தெளிவானவை. வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டால் அன்று வெளிவேலை நிறுத்தம். 37-லிருந்து 40-க்குள் என்றால் வெளிவேலை மொத்தம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, உச்சி வெயிலின் 3 மணி நேரம் வேலை கூடாது. 35-ஐத் தாண்டினால் வெளியே ஓவர்டைம் கிடையாது. குவாங்டாங் மாகாணத்தில் ஜூன் முதல் அக்டோபர் வரை மாதம் 300 யுவான் வெப்பப் படியும் உண்டு.

இதில் இரண்டு ஓட்டைகள்.

முதலாவது, விதி வெறும் வெப்பநிலையை மட்டும் பார்க்கிறது. குவாங்சோவில் 40 டிகிரி என்பது மிக அரிது. ஆனால், 34 டிகிரியோடு ஈரமும் சேர்ந்தால் உடம்பு படும் பாடு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அந்த நாளில் விதிப்படி எந்தக் கட்டுப்பாடும் வராது. பக்கத்திலேயே இருக்கும், இதே மாதிரி புழுக்கம் கொண்ட ஹாங்காங், ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை வைத்து 2023 மே மாதம் முதல் தொழிலாளர்களுக்கு மூன்று நிலை எச்சரிக்கை தருகிறது. அது வழிகாட்டுதல் மட்டும்தான், சட்டம் இல்லை. ஆனால், அளவுகோல் சரியானது.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. இந்த விதிகள் முதலாளி, தொழிலாளி என்ற உறவை வைத்து எழுதப்பட்டவை. ரைடர்களில் பெரும்பாலானோருக்கு ஆப் நிறுவனத்தோடு நேரடி வேலை ஒப்பந்தம் இல்லை. 2023-ல் மெய்துவான் மூலம் மட்டும் சுமார் 74.5 லட்சம் பேர் டெலிவரியில் சம்பாதித்தார்கள். முதலாளியே யார் என்று தெளிவாகாதபோது படியை யாரிடம் கேட்பது? 2025-ல் ஜேடி தன் முழுநேர ரைடர்களுக்குச் சமூகக் காப்பீடு கட்டத் தொடங்கியது நல்ல மாற்றம். பகுதி நேரமாக ஓடுபவர்களுக்கு அது எட்டவில்லை.

வேலை முடிந்தாலும் வெயில் விடுவதில்லை. வெளியூர்த் தொழிலாளர்கள் பலர் தங்குவது நகரத்துக்குள் சிக்கிய பழைய கிராமங்களில். அங்கிருக்கும் கட்டடங்களுக்கு 'கைகுலுக்கும் வீடுகள்'னு பெயர். ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னல்காரருக்குக் கைகொடுக்கும் அளவுக்கு நெருக்கம். காற்று நுழைய இடமில்லை. ஒரு வீட்டு ஏசி தள்ளும் அனல் அடுத்த வீட்டு ஜன்னலில்தான் போய் மோதும்.

அந்த 5 நிமிடம் யாருடையது?

2020 செப்டம்பரில் 'ரென்வூ' என்ற சீன இதழ், ஆப்களின் நேரக் கணக்கு ரைடர்களை எப்படி விரட்டுகிறது என்று நீண்ட கட்டுரை வெளியிட்டது. நாடே பேசியது. உடனே ஒரு டெலிவரி ஆப், '5 அல்லது 10 நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கத் தயார்' என்ற பட்டனைக் கொண்டுவருவதாக அறிவித்தது. பாராட்டைவிடத் திட்டுதான் அதிகம் வந்தது. 'நேரத்தைக் குறைத்தது நீங்க, இரக்கம் மட்டும் நாங்க காட்டணுமா' என்பதுதான் மக்களின் கேள்வி.

அந்தக் கேள்வி நியாயமானது. 5 நிமிடம் கூடக் காத்திருப்பதில் நமக்கு நஷ்டம் எதுவும் இல்லை, தாராளமாகக் காத்திருக்கலாம். ஆனால், ஒருவர் உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்குவது வாடிக்கையாளரின் நல்ல மனசை நம்பி இருக்கக் கூடாது. புழுக்கத்தை அளந்து, அந்த நாள்களில் டெலிவரி நேரத்தைத் தானாகவே நீட்ட ஆப்களால் முடியும். அதைக் கட்டாயமாக்க அரசால் முடியும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊரில் கடை கட்டியவர்கள், தெருவில் போகிற யாரோ ஒருவருக்காகவும் சேர்த்துத்தான் நிழல் கொடுத்தார்கள். அங்கே நடக்க ஒப்பந்தம் இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.